பம்பரின் தட்டு

"பாருங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க! சோத்தை முன்னால வச்சுட்டு, வாயில வைக்க விடாம உக்கார வச்சிருக்கான். இவனெல்லாம் மனுஷனா?"

டிங்கர் சுத்தியலை ஓங்கியபடி தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

எதிர்ச் சாரியில், பெயிண்டரின் கடை வாசலில் அவருடைய நாய் பம்பர் உட்கார்ந்திருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். எதிரே தட்டு நிறையச் சோறு. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது.

பெயிண்டர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, "இரு" என்றார். அது இருந்தது.

இருவருக்கும் ஒரு காலத்தில் ஒரே பட்டறை. அடிபட்ட காரை டிங்கர் தட்டி நிமிர்த்துவார். பெயிண்டர் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடிப்பார். ஒரு பெரிய மனிதரின் கார்க் கதவில் அடித்த பெயிண்ட் ஒரே மாதத்தில் கொப்பளித்து உரிந்தது.

"பட்டி சரியில்லீங்க. இவன் வேலை" என்று முந்திக்கொண்டவர் டிங்கர்.

பெயிண்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "என் தப்புதாங்க" என்றார். அன்றைக்கே தன் சாமான்களை எடுத்துக்கொண்டு எதிர்ச் சாரிக்குப் போய்விட்டார்.

பட்டறையில் படுத்துக் கிடந்த பம்பரும் எழுந்து அவர் பின்னாலேயே போனது.

டிங்கருக்கு அதுதான் ஆறவில்லை. அவன் போகட்டும், நாய் எதுக்குப் போகணும்?

அன்றிலிருந்து பேச்சு இல்லை. எது சொல்வதானாலும் டிங்கர் தெருவைப் பார்த்து ஜாடையாகத்தான் சொல்வார்.

நாய் இளைக்க ஆரம்பித்ததும் ஜாடை வசவாகிவிட்டது. பெயிண்டர் உள்ளே வேலையில் இருக்கும் நேரம் பார்த்து டிங்கர் சீட்டியடிப்பார். பம்பர் ஓடி வரும். கறிக்கடையில் கேட்டு வாங்கிய கொழுப்பை அள்ளிப் போடுவார்.

"தின்னுடா ராஜா. அந்தக் கிராதகன் போட மாட்டான்."

கண்மூடித் திறப்பதற்குள் காலியாகிவிடும். ஆனாலும் நாய் இன்னும் இளைத்தது.

"நான் போட்டே இந்தக் கதின்னா, அவன் என்ன பாடு படுத்தறானோ!"

பொறுக்க முடியாமல் பிராணிகள் நலச் சங்கத்துக்குப் போன் போட்டுவிட்டார். இதோ, ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சங்கத்து அம்மா பெயிண்டரிடம் போகிறார். டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானார்.

"ஏங்க, நாயைப் பட்டினி போடறீங்களாமே?"

பெயிண்டர் உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார்.

"இதுக்குக் கணையம் வேலை செய்யல மேடம். செரிக்கறதுக்கான நீர் சுரக்காது. எவ்வளவு தின்னாலும் உடம்புல ஒட்டாம அப்படியே வெளியே போயிடும். வயிறு நிறையத் தின்னுட்டே பட்டினி கிடக்கும். அதான் இந்தப் பொடி. சோத்துல பிசைஞ்சு இருபது நிமிஷம் ஊற விடச் சொல்லியிருக்கார் டாக்டர். அதுக்குத்தான் உக்கார வச்சிருக்கேன். கொழுப்பு மட்டும் ஆகவே ஆகாது. வாராவாரம் வைட்டமின் ஊசியும் போடறேன்."

"இந்த வியாதி எனக்குத் தெரியும். எங்க காப்பகத்துலயும் ஒண்ணு இருக்கு. ஒழுங்காப் பாத்துக்கிட்டா தேறிடுமே? இது ஏன் இப்படி இருக்கு?"

"நடுவுல தேறித்தான் வந்துச்சு மேடம். திரும்பவும் ஏன் இப்படி ஆச்சுன்னு புரியல."

அந்த அம்மா குனிந்து பம்பரின் வாயைத் துடைத்தார். விரலை முகர்ந்தார். முகம் சுளித்தார்.

"கொழுப்பு! பிசுபிசுன்னு ஒட்டுது. யாரோ போட்டுட்டு இருக்காங்க. இப்படியே போனா இந்த நாய் செத்துடும். யாருங்க போடறது?"

இந்தப் பக்கம் டிங்கர் சட்டென்று தன் மேசையைப் பார்த்தார். நாளைக்கென்று எடுத்து வைத்த கொழுப்புப் பொட்டலம் மேசை மேலேயே இருந்தது.

பம்பர் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. பெயிண்டர் நாயைப் பார்த்தார். அது பார்க்கும் திசையைப் பார்த்தார். பொட்டலத்தையும் பார்த்தார்.

"நான்தான் மேடம். பசியில அழுதுச்சு, மனசு கேக்கல. என் தப்புதான்."

"இவ்வளவு விவரம் பேசறீங்க, அறிவு வேண்டாம்? பாசம்னு நினைச்சு விஷம் வைக்கறீங்களே! இன்னொரு தடவை இப்படி நடந்தா நாயை நான் தூக்கிட்டுப் போயிடுவேன்."

கடை கடையாக எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஸ்கூட்டர் கிளம்பிப் போனது.

டிங்கர் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பொட்டலத்தைத் தூக்கிக் குப்பையில் எறிந்தார். பிரிந்த நாளிலிருந்து கடக்காத தெருவைக் கடந்தார்.

"டேய்! போட்டது யாருன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும். இப்பத்தான், அது வாலை ஆட்டினப்ப."

"அப்ப என் பேரைச் சொல்ல வேண்டியதுதானே? ஊரே வேடிக்கை பாக்கத் திட்டு வாங்கிட்டு நிக்கறே, பெரிய தியாகியா நீ? நான் பண்ணினதுக்கு உன் தப்புன்னு எதுக்குடா சொன்னே?"

பெயிண்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பம்பருக்குக் கண் காட்டினார். அது தட்டில் பாய்ந்தது.

"துருவை வெட்டி எடுக்காம மேலேயே தகடு வச்சு வெல்டு பண்ணினியே அந்தக் கார்க் கதவு, அதுல பெயிண்ட் உரிஞ்சதுக்கும் இதையேதானே சொன்னேன்? பழகிப்போச்சுடா."