பட்டியலில் இல்லாத கடிகாரம்

ஒரு காளான் கொட்டகையில், பகலில் மணிக்கொரு தடவை தண்ணீர் தெளிக்க, லினக்ஸ் ஓடும் குட்டிக் கணினி ஒன்று இருந்தது. மின்சாரம் போய் வந்தால் அதற்கு நாளும் நேரமும் மறந்துவிடும். அதனால் கொட்டகைக்காரி செண்பகவல்லி மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தை மறக்காத ஒரு கடிகாரச் சில்லை வாங்கி அதன்மேல் பொருத்தினாள். இனிக் கொட்டகையே தன்னை நம்பித்தான் என்று சில்லுக்கு ஒரே பெருமை.

மறுநாள் மின்சாரம் போய் வந்தது. கண் விழித்த கணினி, "கடிகாரம் எதுவும் இல்லை. ஆகவே இன்று, லினக்ஸ் காலத்தை எண்ணத் தொடங்கும் 1970, ஜனவரி ஒன்று, நள்ளிரவு" என்று அறிவித்தது.

"அண்ணே, நான் இங்கேதான் இருக்கேன்! மணி பகல் பன்னிரண்டரை!" என்று கத்தியது சில்லு.

"எனக்குள்ள எழுதி வச்சிருக்கிற உறுப்புகள் பட்டியல்ல உன் பேர் இல்லையே, தம்பி."

"உங்க தோள்மேலதானே உக்காந்திருக்கேன்?"

"கனம் தெரியுது. யாருன்னுதான் தெரியல."

பகல் வெக்கையில் காளான்கள் ஓரம் சுருங்கி, "ஐயா, தண்ணி!" என்று முனகின.

"நடுராத்திரியில யாராவது தண்ணி தெளிப்பாங்களா? தூங்குங்க" என்றது கணினி.

சில்லுக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் சரியான நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்த செண்பகவல்லி, வாடிய காளான்களைப் பார்த்துப் பதறிப்போனாள். கணினிக்குள் தேடிப் பார்த்து, பட்டியலில் சில்லின் பெயரை ஒரு வரி சேர்த்தாள். பிறகு கணினியை அணைத்து மறுபடி போட்டாள்.

தண்ணீர் சீறியது. "கடிகாரத்தை நான் கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கொட்டகை முழுக்கக் கேட்கும்படி முழங்கியது கணினி. பிறகு சில்லைப் பார்த்து, "இவ்வளவு நேரம் எங்கப்பா போயிருந்தே?" என்று கேட்டது.