எழுதிக் குடுங்க

காலை ஆறே முக்காலுக்கு லாட்ஜ் வரவேற்பறையில் நான்கு பேரை வரிசையாக நிற்க வைத்திருந்தார் எஸ்.ஐ. கலையரசன்.

நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் அவருடைய தொப்பி.

ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்த லாட்ஜ். நாளை பௌர்ணமி. பாதுகாப்புச் சோதனை என்று சொல்லிக் கதவுகளைத் தட்டியிருந்தார்கள். மாடியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்களின் கதவுகளை மட்டும் யாரும் தொடவில்லை. அவர்கள் தியானத்தில் இருப்பார்கள் என்று மேனேஜர் சொன்னதும் எஸ்.ஐ. பயபக்தியோடு படியிறங்கிவிட்டார்.

வரிசையில் முதலில் நந்தினி. முப்பத்தைந்து வயது. வேலூரில் கோர்ட் வாசலில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறாள். அவள் பக்கத்தில் கோபி.

அடுத்து, நேற்று சாயந்திரம் வந்து இறங்கிய இளம் ஜோடி. அந்தப் பெண்ணின் பெயர் அபிநயா என்பது எஸ்.ஐ. ஆதாரை உரக்கப் படித்ததில் தெரிந்தது. வயது இருபத்திரண்டு. துப்பட்டா நுனியை விரலில் இறுக்கிச் சுற்றியிருந்தாள். விரல் வெளுத்துப் போயிருந்தது.

நான்கு ஆதாரிலும் வயது சரியாக இருந்தது. அதில் எஸ்.ஐ.க்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அவர் பார்வை நந்தினியின் வெறும் கழுத்தில் வந்து நின்றது.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"அதைக் கேக்கறதுக்கு எந்த செக்‌ஷன் சார்?"

நோட்டோடு பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் தலை குனிந்துகொண்டார்.

"கோயில் ஊரும்மா இது. ஜோடி ஜோடியா வந்து ரூம் போட்டு ஊர் பேரைக் கெடுக்கறீங்க. ஆயிடுச்சுன்னா போட்டோவைக் காட்டிட்டுப் போய்க்கினே இரு. ஆகலைன்னா அப்பா நம்பரைக் குடு, நான் பேசிக்கறேன்."

'அப்பா' என்ற சொல்லைக் கேட்டதும் அபிநயா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். அவளோடு வந்தவன் அவள் கையைப் பிடிக்கப் போய், எஸ்.ஐ. பார்க்கிறார் என்று விட்டுவிட்டான்.

முப்பத்தைந்து வயதுக்காரியின் அப்பா நம்பர்! நந்தினிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

கோயில் ஊராம். அந்தக் கோயிலில் ஆணும் பெண்ணுமாக ஒரே உடம்பில் வரும் சாமியைத் தீபத்தன்று இரண்டு நிமிஷம் பார்க்க லட்சம் பேர் கூடுகிறார்கள். இவரே பந்தோபஸ்துக்கு நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்தச் சாமியிடம் போய்க் கல்யாண போட்டோ கேட்பாரா?

கோபியின் கை சட்டைப் பைக்குள் இருந்த போனைத் தேடியது. நந்தினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்."

பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன் சார். கல்யாணம் ஆச்சான்னு கேட்டேன், பதில் சொல்லல, அதனால நிறுத்தி வெச்சிருக்கேன்னு எழுதி, செக்‌ஷன் போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஸ்டேஷனுக்கே வரேன். இவங்க ரெண்டு பேருக்கும் அதே மாதிரி ஒண்ணு."

"வாய் ரொம்ப ஜாஸ்தியா இருக்கே. சாயந்திரம் வரைக்கும் ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சிடுவேன்."

"ஒக்காருறேன். எழுதிக் குடுங்க."

எஸ்.ஐ. கையை நீட்டினார். கான்ஸ்டபிள் நோட்டைக் கொடுத்தார்.

தேதியை எழுதினார். நின்றுவிட்டார்.

நந்தினி பொறுமையாகக் காத்திருந்தாள். தேதிக்கு அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழிக்கும் ஆட்களைப் பதின்மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர்களிடம் காட்டும் பரிவுகூட இவரிடம் காட்டத் தோன்றவில்லை.

பேனா மறுபடி நகர்ந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"விசாரணைக்குப் பெரிய 'ற' இல்ல சார். சின்ன 'ர'."

கான்ஸ்டபிளுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

எஸ்.ஐ. அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார். தொப்பியை எடுத்து மாட்டினார். "இந்த ஒரு தடவை எச்சரிச்சு விடறேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை; முகம் சுவர்க் காலண்டர் பக்கம் இருந்தது.

ஜீப் சந்து திரும்பும் வரை நான்கு பேரும் அசையவில்லை.

பிறகு அபிநயா முகத்தைத் துடைத்துக்கொண்டு, நந்தினியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க வீட்லயும் ஒத்துக்கலையா?"

"எங்க வீட்லயா? ஜாதகம் பார்த்து, வெத்தலை பாக்கு மாத்தி, எண்ணூறு பேருக்குப் பந்தி போட்டுக் கட்டி வெச்சாங்க. ஒம்பது வருஷம் ஆச்சு."

அபிநயா கோபியைப் பார்த்தாள். கோபி தலையாட்டினான்.

"அப்போ அந்தப் போட்டோவைக் காட்டியிருந்தா அப்பவே விட்டிருப்பாங்களேக்கா?"

"எங்களை விட்டிருப்பாங்க" என்றாள் நந்தினி.