கோடு விழாத வானம்

மியூசியத்தில் பூப் படங்களின் அறையிலேயே என் வீட்டுக்காரர் யோரிஸ் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டார். ஆண்ட்வெர்ப்பில் நாற்பது வருஷம் செடிகொடிகளைச் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த மனுஷன். ஒவ்வொரு படத்தையும் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார்.

அடுத்த அறையில் காமிக்ஸ் கண்காட்சி. அதன் வாசலிலேயே நான் வண்ணம் தீட்டிய தாள் ஒன்று தொங்கியது.

அச்சானதும் குப்பைக்குப் போகிற தாள் அது. எந்தப் புண்ணியவான் எடுத்து வைத்தானோ.

கீழே ஓவியரின் பெயர். வண்ணம்: யாரென்று தெரியவில்லை. என்னோடு வேலை செய்தவர்கள் தங்கள் பெயரையும் போடச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். எனக்கோ போன உயிர் வந்தது.

ஆனால் ஓரத்தில் பென்சிலில் என் கையெழுத்து. பூசத் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதுவோம். காயுமுன் யாரும் அடுக்கிவிடக் கூடாது.

மார்ச் 9. 2.10 – 3.40.

யோரிஸ் அதைப் பார்க்கக் கூடாது. அந்த மத்தியானம் நான் மீன் வாங்கப் போயிருந்ததாகத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் மீன் சமைக்கிற நாள், அவரும் நம்பினார்.

"போதும் வாங்க, கால் கடுக்குது. கீழ போய் காபி குடிப்போம்."

"வந்தது வந்தோம், உன் பொம்மைங்களையும் ஒரு எட்டு பாத்துடுவோமே."

தாளுக்கு நேரே போய் நின்றார். பென்சில் எழுத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

பிறகு வானத்தைப் பார்த்தார். பக்கம் முழுக்க நீல வானம். ஈரம் காயுமுன் ஒரே மூச்சில் பூச வேண்டும். நடுவில் எழுந்தால் நின்ற இடத்தில் கோடு விழுந்துவிடும். போன் அடித்தால்கூட எழமாட்டோம்.

அன்று ஆறு தடவை அடித்தது. அச்சகத்தார் அவசரப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன்.

அடித்தது யோரிஸ். காய்ச்சல் என்று காலையில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர். எங்கள் வான்னஸ் மூன்று மணி வரைக்கும் அம்மாவைக் கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

யோரிஸ் வானத்தை இடமிருந்து வலமாக, பூக்களைப் பார்த்த மாதிரியே, நிதானமாகப் பார்த்து முடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு கோடுகூட விழல. நீ எந்திரிக்கவே இல்ல."