சைலன்சரில் ஒரு ஓட்டை

எங்கப்பா ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பினாலே எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும்.

சைலன்சரில் ஓட்டை. போன வருஷம் ஒரு தடவை அடைத்தார். மூன்று நாள் தெருவே நிம்மதியாக இருந்தது. நாலாம் நாள் மறுபடி அதே சத்தம். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

பக்கத்து வீட்டு ஹலீமா பீ நேராகவே கேட்டுவிட்டார். குழந்தை தூக்கத்தில் பயந்து எழுந்து அழுகிறதாம். அடுத்த வாரம் பார்க்கிறேன் என்றார் அப்பா. அப்பாவின் அடுத்த வாரம் வந்ததே இல்லை. மிஷன் ஸ்கூல் கிளார்க்கான எங்கப்பா ஞானசீலன் மாதிரி ஒரு கஞ்சனை ஆம்பூரில் பார்க்க முடியாது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும்தான் பேசினேன்.

அப்போதுதான் மெக்கானிக் காசிநாதன் பைபாஸ் ரோட்டில் பேட்டரி ஸ்கூட்டர் கடை போட்டார். புகை இல்லை, பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ்கூட வேண்டாம். எனக்குப் பதினேழு வயசு. பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்குப் போகிறேன். எனக்கென்றே செய்த வண்டி அது.

"பழசைத் தூக்கிப் போட்டுட்டு அதை வாங்குங்கப்பா" என்றேன்.

"கரண்ட் எங்கம்மா இருக்கு சார்ஜ் போட? தினமும் ரெண்டு மணி நேரம் கட்டு" என்றார்.

அம்மாவுக்கு மழையில் ஷாக் அடிக்குமோ என்று பயம். அது பரவாயில்லை. எதிர்வீட்டு துரைசாமி மாமா வந்து குட்டையைக் குழப்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

துரைசாமி மாமா தோல் கம்பெனியில் தோலைத் தரம் பார்த்துப் பிரிக்கிறவர். கையால் தடவியே எங்கே மெலிசு, எங்கே கீறல் என்று சொல்லிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டே செய்வார் என்று கம்பெனியில் பெருமையாகப் பேசுவார்கள். தெருவில் நடக்கும்போதும் சுவரைத் தடவிக்கொண்டேதான் போவார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

"வேணாம் சார். அந்த வண்டி வர்றதே தெரியாது. பக்கத்துல வந்து நின்னாகூடத் தெரியாது" என்றார் அப்பாவிடம்.

"உங்களால வாங்க முடியலன்னா எங்களையும் வாங்க விடமாட்டீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அப்பா அன்றைக்குத் திட்டிய மாதிரி என்னை என்றைக்குமே திட்டியதில்லை.

எனக்கு வீம்பு. சனிக்கிழமை வீட்டில் சொல்லாமல் காசிநாதனிடம் போய், ஒரு நாள் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டு ஒரு வண்டியை எடுத்து வந்தேன்.

தெருவுக்குள் நுழைந்ததும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சக்கரம் சுற்றுகிறது, வீடுகள் பின்னால் போகின்றன, காதில் ஒன்றுமே இல்லை. தெருவில் திரிகிற கோழிகள்கூட நகரவில்லை. ஒன்றின் மேல் ஏற்றியிருப்பேன்.

துரைசாமி மாமா சுவரோரம் நின்றிருந்தார். நின்று, காது கொடுத்துக் கேட்டார். என்னைப் பார்த்துவிட்டுத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். ஹாரன் அடிக்கவில்லை.

அவர் சுவரை விட்டு நேராக என் வண்டிக்கு முன்னால் கால் வைத்தார்.

பிரேக்கைப் பிடித்தும் நிற்கவில்லை. கைப்பிடி இடுப்பில் இடித்து அவர் விழுந்தார். செத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி, "யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல மாமா. அடி பட்டுச்சா?"

"நல்லாப் பாரு பாப்பா. கம்பெனி ஆளுங்க யாராச்சும் நிக்கிறாங்களா?"

கழன்ற செருப்பை அவர் கால் பக்கத்திலேயே வைத்தேன். அவர் கை வேறு பக்கம் மண்ணைத் தடவியது.



"மாமா, உங்களுக்குக் கண்ணு..."

"மெதுவாப் பேசு. நேரா இருந்தா மங்கலாத் தெரியும். ரெண்டு பக்கவாட்டுலயும் சுத்தமாத் தெரியாது. மூணு வருஷமாச்சு. லாரி, பஸ்சு, ஆட்டோ எல்லாம் காதுலயே தெரிஞ்சுடும். இதுல சத்தமே வரல." என் மணிக்கட்டைப் பிடித்தார். "கம்பெனிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பொண்ணு நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்குது. எங்க வூட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. உங்கப்பாகிட்டகூடச் சொல்லாத பாப்பா."

சொல்லமாட்டேன் என்றேன். அவரை வீட்டு வாசலில் விட்டுவிட்டு, வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனேன். ஏறி உட்காரப் பயமாக இருந்தது. தெருவில் வேறு யாராவது இந்த மாதிரி வண்டி வாங்கிவிட்டால் மாமா என்ன ஆவார் என்று நினைத்துக்கொண்டே தள்ளினேன்.

காசிநாதன் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னாம்மா, அதுக்குள்ள வந்துட்ட? வண்டியில இன்னா குறை?"

பொய் சொல்ல எனக்கு வராது. உண்மையையும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுதான் இருந்தது.

"சத்தம் வரமாட்டேங்குது."

காசிநாதன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அப்பாவும் பொண்ணும் ஒரே மாதிரி பேசுறீங்களே. போன வருஷம் உங்கப்பா சைலன்சர் ஓட்டையை அடைக்கச் சொன்னாரு. அடைச்சுக் குடுத்தேன். மூணே நாள்ல திரும்பி வந்து, தெருவுல ஒரு ஆளு குறுக்க வந்துட்டாரு, அந்த ஓட்டையை மறுபடி போட்டுக் குடுன்னு நின்னாரும்மா."