கரகரப் பெட்டி

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அண்ணி! இது தண்ணி மோட்டாருக்குப் போடுற ரிலே. பாட்டுப் பெட்டிக்கு ஆகவே ஆகாது!"

கொழுந்தன் கத்தினான். அவன் விரல்களுக்கு நடுவே தீப்பெட்டி சைஸில் ஒரு கறுப்புக் கட்டை. எதிரே பெட்டி வயிறு திறந்து கிடந்தது.

அண்ணி முந்தானையைத் திருகினாள். "ரெண்டும் 'டிக்'குன்னுதானே தம்பி சத்தம் போடுது?"

"போச்சுடா!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். ரேடியோ, இசைத்தட்டு, டிவி மூன்றும் ஒரே ஸ்பீக்கரில் பாட வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். தம்பி தன் கையாலேயே பெட்டி செய்து கொடுத்தான். பொத்தானை அமுக்கினால் உள்ளே ரிலே 'டிக்' என்று ஒன்றை வெட்டிவிட்டு இன்னொன்றை இணைக்கும்.

பெட்டி வந்த கொஞ்ச நாளிலேயே அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்துவிட்டது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு கல்யாணத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போது யார் யாரை மறைத்துக்கொண்டு நின்றது என்பதுதான். அதோடு பேச்சும் நின்றது, போக்குவரவும் நின்றது.

பெட்டி கெட்டால் மட்டும் தம்பி வருவான். "நான் செஞ்ச பொருள் கரகரன்னா எனக்குத்தானே அசிங்கம்?" என்பது அவன் கட்சி.

ரிலே வாங்கக் கடைக்குப் போவது அண்ணி. ஒவ்வொரு தடவையும் தப்பான ரிலேயோடு வருவாள். "சரி, வந்தது வந்தாச்சு. இப்போதைக்கு இதைப் போட்டுத் தொலைக்கிறேன்" என்று திட்டிக்கொண்டே அவன் பற்றவைத்துவிட்டுப் போவான். கொஞ்ச நாளில் பெட்டி மறுபடியும் இருமத் தொடங்கும்.

"கடைசியா சொல்றேன், கேட்டுக்கோங்க அண்ணி. பெரிய ரிலேல நல்லா கரண்ட் ஓடினாத்தான் அதோட முனை சுத்தமா இருக்கும். பாட்டு சிக்னல் ரொம்பப் பொடிசு. அதனால முனையில படலம் படிஞ்சு கரகரங்குது. சின்னதா ஒண்ணு இருக்கு, தங்க முலாம் பூசின முனையோட. அதைப் போட்டா வருஷக்கணக்கா மக்கர் பண்ணாது."

சோபாவிலிருந்து அண்ணன் முழங்கினார். "உனக்கு எதைச் சொன்னாலும் மண்டைல ஏறாது. அவனே வாங்கிட்டு வந்தா என்னவாம்? கேளு."

"எனக்கு நேரமில்லைன்னு சொல்லுங்க அண்ணி."

"நேரமில்லாதவன் டார்ச்சை எதுக்கு என் கண்ணுக்கு நேரா அடிக்கிறான்னு கேளு."

ஒருத்தர் முழங்கால் இன்னொருத்தர் முழங்காலில் இடிக்கிற தூரம். ஆனாலும் இருவருக்கும் நடுவே அவள்தான் தபால்காரி.

போன தடவை மட்டும் வாய் தவறி, "அண்ணா, காலடியில ஸ்க்ரூ இருக்கு, மிதிச்சிடாதே" என்று தம்பி நேராகவே சொல்லிவிட்டான். அண்ணனும் "ம்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அண்ணி சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதாள். சந்தோஷ அழுகை.

இன்றைக்கு அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"இந்தா பாரு. இப்பவே போய் மாத்திட்டு வா. மறுபடியும் தப்பா வாங்கிட்டு வந்தேன்னா, இந்தப் பெட்டியைத் தூக்கிக் கடாசிட்டு, கடையில புதுசா ஒண்ணு வாங்கிடுவேன். எனக்கு யாரு தயவும் வேண்டாம்!"

தம்பியின் முகம் சுருங்கிப் போனது. அண்ணி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தெருக்கோடியில் இருந்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே டிராயரை இழுத்தார்.

"வாங்கம்மா. வழக்கம்போல பெரிசுதானே?"

"இல்லண்ணே. இன்னைக்குச் சின்னதே குடுத்துடுங்க."

கடைக்காரரின் கை அப்படியே நின்றது. "என்னம்மா இது? சின்னதை நானே நீட்டினாலும், பெரிசுதான் வேணும்னு அடம் பிடிப்பீங்களே?"

"பெட்டி கெட்டாத்தானே என் கொழுந்தன் வீட்டுப் படியேறுவாரு? அதுக்காக எத்தனை திட்டு வேணும்னாலும் வாங்கிக்கலாம்னு இருந்தேன். இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் பெட்டியையே கடாசிடுவேன்னு குதிக்கிறாரு." பையின் காதைத் திருகினாள். "சின்னதைப் போட்டா பெட்டியாவது மிஞ்சும். ஆனா அது இனிமே கெடவே கெடாது. அவரு எதுக்கு வரப்போறாரு?"

கடைக்காரர் தாடையைச் சொறிந்தார்.

"சின்னது ஸ்டாக் இல்லம்மா."

"என்னண்ணே விளையாடுறீங்களா? அதோ, உங்க தலைக்குப் பின்னாடி டப்பா நிறைய இருக்கே!"

அவர் திரும்பிப் பார்த்தார். அசடு வழிந்தது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? நான் என்னம்மா பண்றது? என்னைக்காவது நீங்க சின்னதைக் கேட்டா, இல்லைன்னு சொல்லச் சொல்லி உத்தரவு."

"யாரு, கொழுந்தனாரா?" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அவரு போன தடவையே சொல்லிட்டுப் போயிட்டாரும்மா. இப்ப, நீங்க படியிறங்கினதும் போன் போட்டுச் சொன்னது உங்க வீட்டுக்காரர்!"