மலாய்ப் பேய்க்குத் தமிழ் தெரியுமா?

"இன்னைக்கு அந்தப் பேயை இறக்காம விடக் கூடாது பூசாரி. பிரம்பு பிஞ்சாலும் பரவாயில்லை."

சொன்னவள் முத்தாயி. சுங்கை ஊடாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் கங்காணி வடிவேலுவுக்குக் கூடப்பிறந்த அக்கா. தம்பி வீட்டிலேயே இருக்கிறவள். வாய் நிறைய வெற்றிலையை மென்றுகொண்டேதான் சொன்னாள். இரக்கமெல்லாம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது.

பேய் பிடித்தது குஞ்சம்மாவை. புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஒண்டியாய்க் கிடக்கிறவள்.

பிடித்த நேரம்தான் வேடிக்கை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். வடிவேலு வந்து, "குஞ்சம்மா, இனிமே நீ பால் வெட்ட வேணாம். என் வீட்டுக்குச் சமையலுக்கு வந்துடு" என்றான். பெண்சாதியை இழந்து வருஷம்கூடத் திரும்பாதவன்.

கங்காணி வீட்டுச் சமையல் அடுப்படியோடு முடியாது என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யார் வாயைத் திறப்பது? கங்காணி முகம் சுளித்தால் வேலையும் போச்சு, குடியிருக்கிற அறையும் போச்சு.

குஞ்சம்மாவும் வாயைத் திறக்கவில்லை. தடாலென்று கீழே விழுந்தாள். பேய்தான் வாயைத் திறந்தது. அதுவும் மலாயில்!

"தாக் மாவ்! தாக் மாவ்! பாலேக்!"

மாட்டேன், மாட்டேன், திரும்பிப் போ என்று அர்த்தம்.

பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்து வாழைத்தோப்பில் இருக்கிற பொந்தியானாக்தான் என்று லயமே முடிவு கட்டிவிட்டது. பிள்ளைப்பேற்றில் செத்த மலாய்ப் பெண்ணின் பேய். ஆம்பிளைகளைத்தான் தேடி வருமாம். வடிவேலு நாலடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

அன்றிலிருந்து கங்காணி தலை தெரிந்தால் குஞ்சம்மாவுக்குப் பேய் வரும். அவன் போய்விட்டால் பால் வெட்டப் போய்விடுவாள். நல்ல பேய்!

தம்பி ஓரமாய் ஒதுங்கி நடப்பது முத்தாயிக்குப் பொறுக்கவில்லை. ஆள் அனுப்பி, கிளேபாங்கிலிருந்து வீரப்பன் பூசாரியை வரவழைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முனியாண்டி கோயிலுக்கு முன்னால் கூட்டம். குஞ்சம்மாவை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். கங்காணியைப் பார்த்ததும் தலையை விரித்துப் போட்டு ஆட ஆரம்பித்தாள்.

பூசாரி தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் அதட்டினார்.

"சியாப்பா நாமா? பேரு என்ன, சொல்லு!"

"தாக் தாவ்!"

"தெரியாதா? பேரு தெரியாத பேயும் உண்டா? இரு, தெரிய வைக்கிறேன்."

முதுகில் ஒன்று வைத்தார். பிரம்பு பிரம்புதானே.

"ஐயோ... அம்மா!"

பூசாரி ஓங்கிய கையை அப்படியே நிறுத்தினார். "இதென்னடா கூத்து! மலாய்ப் பேய்னா அடோய்னு இல்ல கத்தணும்? இது எப்படி ஐயோ அம்மாங்குது?"

வடிவேலு சிரித்தான். "எனக்கு அப்பவே தெரியும்லா. பேயுமில்ல, பிசாசுமில்ல, எல்லாம் நடிப்பு! ஏந்திரிடி. சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு இப்பவே என் வீட்டுக்கு நட."

குஞ்சம்மாவுக்கு மலாயும் வரவில்லை, தமிழும் வரவில்லை. சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முத்தாயி மெல்லுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள்.

"இரு தம்பி. பூசாரி சொல்றது சரிதான். இப்ப கத்தினது மலாய்ப் பேய் இல்ல."

"அதைத்தானேக்கா நானும் சொல்றேன்."

"குஞ்சம்மாவும் இல்ல."

"பின்னே யாரு?" என்றார் பூசாரி.

"இவன் பொண்டாட்டி பெரியநாயகி."

வடிவேலுவின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னக்கா உளர்றே?"

"நானா உளர்றேன்? இங்கே இத்தனை பேர் இருக்காங்க, கேட்டுப் பாரு. அந்தக் குரல் இந்த லயத்துல யாருக்குத் தெரியாது?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஓரத்தில் நின்ற ஒருத்தி, "ஆமா, அவ குரலேதான்" என்றாள். இன்னொருத்தி தலையாட்டினாள். அடுத்தடுத்து எல்லாப் பெண்களும் ஆமாம், ஆமாம் என்றார்கள்.

முத்தாயி தம்பிக்கு நேராகப் போய் நின்றாள். "இவளை வீட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனா பெரியநாயகியும் கூடவே வந்துடுவா. யோசிச்சுக்க."

வடிவேலுவுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. பயந்துதான் போனான். குஞ்சம்மா பக்கம் திரும்பாமலே, "வேணாம், வேணாம். அவ பாலே வெட்டட்டும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடையைக் கட்டினான்.

கூட்டம் கலைந்தது. பூசாரிக்கு மனசு ஆறவில்லை. பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே முத்தாயி பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்.

"நானும் எத்தனையோ பேயைப் பாத்திருக்கேன். இது நடிப்புன்னுதான் எனக்குத் தோணுது. நீங்க எப்படிக்கா அவ்வளவு நிச்சயமாச் சொன்னீங்க?"

"பேயா நடிப்பான்னு எனக்குத் தெரியாது பூசாரி. ஆனா பெரியநாயகி அப்படிக் கத்தினப்பல்லாம், பக்கத்து அறையில காதைப் பொத்திக்கிட்டுப் படுத்திருந்தவ நான்."