பெரிய கங்காணிக்கு மண்தலை

தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி ராக்கப்பனின் முகத்தை மண்ணில் செய்யச் சொல்லியிருக்கிறாள் அவர் மனைவி அங்கம்மாள் என்ற செய்தி, எப்படியோ அவர் காதில் விழுந்துவிட்டது. மணமான நாள்முதல் அவரைப் பாராட்டி ஒரு சொல்லும் சொல்லாதவள் அவள். பூரித்துப்போன ராக்கப்பன், மறுநாளே கோட்டு அணிந்துகொண்டு லிந்துலையில் குயவர் சின்னையாவின் கொட்டகைக்குச் சென்றார். சுட்ட மண்தலை, வண்ணம் பூசத் தயாராக இருந்தது.

“தலப்பாவுக்கு என்னா வர்ணம்?”

“செவப்புங்க, கங்காணி ஐயா.”

“அது சில்லறைக் கங்காணிக்குத்தான். எனக்குப் பச்சை போடுப்பா. மீசை?”

“வெள்ளைதானுங்களே இருக்கு?”

“கறுப்பாப் போடு. மொகத்துக்குச் சந்தன நெறம்.”

“வெறும் கரியும் சுண்ணாம்பும் போதும்னு அம்மா சொன்னாங்களே.”

“அவளுக்கு வர்ணத்தப் பத்தி என்னா தெரியும்?”

அப்போது அங்கம்மாளே உள்ளே வந்தாள்.

“போஞ்சித் தோட்டத்துல வைக்கிற சட்டிக்குச் சந்தன நெறம் எதுக்குங்க?”

“போஞ்சித் தோட்டத்துலயா?”

“ஆமா. கொடியில காய் கொத்துக்கொத்தாத் தொங்குது. போறவங்க வாறவங்க கண்ணு பட்டுடாம கம்புல குத்தி வைக்கத்தான்.”

“திருஷ்டிச் சட்டிக்கு என் மொகம் எதுக்குடி?”

“காலையில ஆளுங்களுக்கு வேல பிரிக்கிற பெரட்டுக்கு நீங்க வந்ததுமே அத்தன பேரும் வேற பக்கம் திரும்பிக்கிறாங்க. அந்த மொகம் போதும்.”

ராக்கப்பன் மண்தலையை நெடுநேரம் உற்று நோக்கினார். அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது.

“அம்புட்டுப் பேருமா பயப்படுறாங்க?” என்று கேட்டவர், குயவரிடம் திரும்பினார்.

“சின்னையா, ரெண்டு கோரப்பல்லும் வரைஞ்சிடுப்பா.”